விபிஸ்கிரிப்ட் போகிறது: எக்செலும் அவுட்லுக்கும் இனி எப்படிப் பேசிக்கொள்ளும்?

விண்டோஸிலிருந்து விபிஸ்கிரிப்ட் என்ற ஸ்கிரிப்ட் மொழியை நீக்கப்போவதாக மைக்ரோசாப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. எந்த வரிசையில் நீக்கப்போகிறது என்பதை 2024 மே மாதம் சொன்னது. அதன் பிறகு அலுவலகங்களில் கேட்கப்படும் கேள்விகள் பல. எக்செல் மேக்ரோக்கள் எல்லாம் நின்றுவிடுமா? மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைத் திறந்து, ஆளுக்கொரு சீட்டாகப் பிரித்து, அவுட்லுக் வழியாக அனுப்பும் ஸ்கிரிப்ட் என்ன ஆகும்? ஒரு அப்ளிகேஷன் இன்னொன்றை இயக்கும் வசதியே போய்விடுமா?

இந்தக் கேள்விகளில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், நின்றுபோவது பலர் பயப்படுவதைவிடக் குறைவு என்பது தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு மாற்றம்தான் உண்மையில் ஆழமாக வெட்டுகிறது என்பதும் தெரியும்.

## அறிவிப்பு சொல்வது என்ன

விபிஸ்கிரிப்ட் 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 உடன் வந்த சிறிய மொழி. முதலில் அது இணையப் பக்கங்களுக்கானது. விண்டோஸ் 98 காலத்தில் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் வந்ததும் பிரவுசருக்கு வெளியே, தனிக் கோப்பாக ஓட ஆரம்பித்தது. அலுவலகங்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது உருவத்தைத்தான். நோட்பேடில் நாலு வரி எழுதி, விபிஎஸ் என்ற பின்னொட்டோடு சேமித்து, இரண்டு முறை கிளிக் செய்தால் போதும். வேறு எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நீக்கம் மூன்று கட்டமாக நடக்கிறது.

1. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து விபிஸ்கிரிப்ட் ஒரு கூடுதல் அம்சம். இப்போதைக்கு இயங்கும் நிலையிலேயே வருகிறது, வேண்டாதவர்கள் எடுத்துவிடலாம்.
2. சுமார் 2027 வாக்கில் இயல்பாகவே அணைக்கப்பட்டு வரும். தேவைப்படுவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும்.
3. அதற்குப் பிறகு வரும் ஒரு விண்டோஸ் பதிப்பில் அடியோடு எடுக்கப்படும். 2024 அறிவிப்பில் இதற்குத் தேதி இல்லை.

## பேச்சுக்கு வேண்டிய மூன்று

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி நினைவகம் உண்டு. ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்க இயங்குதளம் விடாது. ஆகவே எக்செலில் இருக்கும் ஒரு செல்லின் மதிப்பு வேறொரு நிரலுக்கு வேண்டுமென்றால், எக்செலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை.

1. வழி. ஒரு புராசஸிலிருந்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து, இன்னொரு புராசஸுக்குச் செய்தியைக் கொண்டுபோய், பதிலைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு. விண்டோஸில் இதன் பெயர் காம். 1993-இல் ஓஎல்இ 2 என்ற மைக்ரோசாப்ட் தொழில்நுட்பத்தோடு வந்தது. (இணைய முகவரிகளில் வரும் டாட் காமுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)
2. அகராதி. செய்தியைப் பெறும் அப்ளிகேஷன் எந்தெந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளும் என்ற பட்டியல். எக்செலின் பட்டியலில் ஒர்க்புக், ஒர்க்‌ஷீட், ரேஞ்ச் இருக்கின்றன. அவுட்லுக்கின் பட்டியலில் மெயில் ஐட்டம், ஃபோல்டர் இருக்கின்றன. இதைத்தான் ஆப்ஜெக்ட் மாடல் என்கிறார்கள். அப்ளிகேஷனை எழுதியவர்கள் உட்கார்ந்து செய்து வெளியிட்டால்தான் இது இருக்கும், தானாக வந்துவிடாது.
3. மொழி. யாரிடம், எந்த வரிசையில், எதைக் கேட்பது என்று நாம் எழுதுவது. விபிஸ்கிரிப்ட் இந்த மூன்றாவது இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் மட்டும்தான் இருந்தது.

ஸ்கிரிப்ட் எழுதுபவரின் கண்ணுக்குத் தெரிவது மொழி மட்டுமே. அதனால் மூன்றுக்கும் சேர்த்து "விபிஸ்கிரிப்ட்" என்று ஒரே பெயர் வழக்கத்துக்கு வந்துவிட்டது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

## ஒரு வரி ஓடும்போது உள்ளே நடப்பது

எக்செலை இயக்கு, ஒரு கோப்பைத் திற, அதில் பி2 செல்லைப் படி. ஸ்கிரிப்டில் இது மூன்றே வரி. உள்ளே நடப்பது இவ்வளவு:

1. "கிரியேட்ஆப்ஜெக்ட்" என்ற கட்டளையோடு "எக்செல்.அப்ளிகேஷன்" என்ற பெயரை ஸ்கிரிப்ட் சொல்கிறது. விண்டோஸ் அந்தப் பெயரைத் தன் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தேடி, அதற்குரிய 128 பிட் அடையாள எண்ணை எடுக்கிறது.
2. அந்த எண்ணுக்கு எதிரே எந்த நிரல் கோப்பு பதிவாகியிருக்கிறதோ அதை இயக்குகிறது. எக்செல் திறக்கிறது, ஆனால் திரையில் தெரிவதில்லை. இப்படி அழைக்கப்படும்போது மறைந்து திறப்பதுதான் அதன் இயல்பு.
3. உண்மையான எக்செல் ஆப்ஜெக்ட் எக்செலின் நினைவகத்திலேயே இருக்கிறது. ஸ்கிரிப்டின் கைக்கு வருவது அதன் பிரதிநிதி மட்டுமே. இதற்குப் பிராக்ஸி என்று பெயர்.
4. கோப்பைத் திறக்கச் சொல்லும் வரி வந்ததும், "ஓப்பன் என்ற சொல்லுக்கு உன்னிடம் என்ன எண்?" என்று பிராக்ஸி வழியாகக் கேள்வி போகிறது. எண் வந்த பிறகு, அந்த எண்ணையும் கோப்பின் பெயரையும் சேர்த்து "செய்" என்ற இரண்டாவது செய்தி போகிறது. பெயரைக் கேட்டு எண் வாங்கி வேலை சொல்லும் இந்த முறைக்கு ஐடிஸ்பேட்ச் என்று பெயர். ஸ்கிரிப்ட் மொழிகள் எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன.
5. கோப்பின் பெயர் போன்ற விவரங்களை ஒரு பொட்டலமாகக் கட்டி, புராசஸ் எல்லையைத் தாண்டி அனுப்பி, அந்தப் பக்கம் பிரிக்க வேண்டும். இது மார்ஷலிங்.
6. மவுஸ் கிளிக், விசைத் தட்டல் எல்லாம் வந்து நிற்கும் அதே செய்தி வரிசையில் இந்தக் கட்டளையும் நின்று, எக்செலுக்கு நேரம் கிடைக்கும்போது நிறைவேறுகிறது. பதில் வரும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே காத்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு, நன்றாக எழுதிய ஸ்கிரிப்டும் சில சமயம் ஆமை வேகத்தில் போவது ஏன் என்பது விளங்கும். பத்தாயிரம் வரிசைகளை ஒவ்வொரு செல்லாகப் படித்தால், செல்லைப் பெற ஒரு பயணம், அதன் மதிப்பைப் பெற இன்னொரு பயணம் என்று எல்லையைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழு ரேஞ்சையும் ஒரே அரேயாக, அதாவது மதிப்புகளின் ஒரே தொகுப்பாக, வாங்கிவிட்டால் ஒரு பயணத்தில் முடிந்துவிடும். மொழியை மாற்றினால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். தாமதம் வழியில் இருக்கிறது, மொழியில் இல்லை.

## தடுக்கி விழும் இடங்கள்

இந்த அமைப்பில் வரும் பிழைகளைப் பலர் "விபிஸ்கிரிப்ட் பிழை" என்றே எண்ணுகிறார்கள். பெரும்பாலானவை காம் பிழைகள். பவர்ஷெல், பைத்தான் போன்ற வேறு மொழிக்கு மாறினாலும் இவை கூடவே வரும்.

429 என்ற பிழை எண். ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை என்று அர்த்தம். முதலில் பார்க்க வேண்டியது, அந்த அப்ளிகேஷன் நிறுவப்பட்டிருக்கிறதா, அதன் பெயர் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறதா என்பது.

அழைக்கப்பட்டவர் அழைப்பை மறுத்தார் என்ற பிழை. யாரோ எக்செலில் ஒரு செல்லுக்குள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், அல்லது ஒரு டயலாக் பெட்டி திறந்திருக்கிறது. அந்த நிலையில் எக்செல் வெளியிலிருந்து வரும் கட்டளையை ஏற்காது. கொஞ்சம் பொறுத்து மீண்டும் முயல்வதுதான் சரியான மருந்து.

சத்தமில்லாமல் தொங்குவது. மறைந்து ஓடும் எக்செல் "சேமிக்கட்டுமா?" என்று ஒரு பெட்டியைத் திறக்கிறது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைப் பெட்டிகளை முதலிலேயே அணைத்துவிட வேண்டும். ஆள் இல்லாத சர்வரில் ஆபீஸ் அப்ளிகேஷன்களை இப்படி ஓட்டுவதை மைக்ரோசாப்டே பரிந்துரைப்பதில்லை. மற்ற காரணங்களோடு இதுவும் ஒன்று.

அட்மின் உரிமை. அவுட்லுக் ஒரு நேரத்தில் ஒரு பிரதிதான் ஓடும். சாதாரண உரிமையில் ஓடும் அவுட்லுக்கை அட்மினாக இயக்கிய ஸ்கிரிப்ட் தொட முடியாது. அதிக உரிமை கொடுத்தும் ஏன் தோற்கிறது என்று பலர் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். இரண்டும் ஒரே உரிமையில் ஓட வேண்டும்.

## வேறு கணினிகளில் நடந்தது

வழி, அகராதி, மொழி மூன்றும் தனித்தனி என்பதை விண்டோஸுக்கு வெளியே பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

அமிகா கணினியின் இயங்குதளத்தில் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப மெசேஜ் போர்ட் என்ற வாசல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1987-இல் வில்லியம் ஹாஸ் அதன் மேல் ஏரெக்ஸ் என்ற மொழியை அமைத்தார். ஐபிஎம்மில் மைக் கவுலிஷா 1979-இல் தொடங்கிய ரெக்ஸ் மொழியின் அமிகா வடிவம் அது. ரெக்ஸில் ஒரு அழகான விதி உண்டு. தனக்குப் புரியாத வரியை அது பிழை என்று தள்ளாது. அந்த நேரத்தில் எந்த அப்ளிகேஷனை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறதோ, அதற்கு அப்படியே அனுப்பிவிடும். "அட்ரஸ்" என்ற கட்டளையால் ஆளை மாற்றிக்கொண்டே போகலாம். படம் திருத்தும் நிரலிடம் நாலு வரி, எழுத்துக்கோக்கும் நிரலிடம் நாலு வரி, இடையில் கணக்குக்கு ரெக்ஸ் இரண்டு வரி. 1990-இல் இயங்குதளத்தின் 2.0 பதிப்போடு ஏரெக்ஸும் சேர்ந்தே வந்தது. டெஸ்க்டாப்பில் அப்ளிகேஷன்களைக் கோக்க இதைவிட எளிமையான மொழி பிறகு வரவில்லை என்பதே என் கருத்து.

மேக்கில் ஆப்பிள் ஈவென்ட் என்ற வழி 1991-இல் சிஸ்டம் 7 உடன் வந்தது. ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழி 1993-இல்தான் வந்தது. 2014-இல் யோசமிட்டி பதிப்பில் ஆப்பிள் அதே வழியில் ஜாவாஸ்கிரிப்டையும் ஓட விட்டது. அப்ளிகேஷன்கள் எதையும் மாற்றவில்லை, அகராதிகள் அப்படியே இருந்தன. புதிதாக ஒரு மொழி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப்புக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். அது டிகாப் என்ற தன் சொந்த வழியை விட்டு, 2008-இல் வெளியான கேடிஇ 4-இல் டி-பஸ் என்ற வேறொரு வழிக்கு மாறியது. ஷெல் மொழியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் டிகாப்பை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் உடைந்தன.

விண்டோஸில் இப்போது நடப்பது மேக்கில் 2014-இல் நடந்ததன் மறுபக்கம்: மொழி ஒன்று கழிகிறது, வழி அப்படியே இருக்கிறது.

## ஏன் எடுக்கிறார்கள்

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவிய ஐ லவ் யூ புழு ஒரு விபிஸ்கிரிப்ட் கோப்புதான். காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் இணைப்பாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக்கைக் காம் வழியாக அழைத்து, முகவரிப் புத்தகத்தைப் படித்து, அதிலிருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. எந்த ஓட்டையையும் உடைத்து அது அவுட்லுக்குக்குள் நுழையவில்லை. சம்பளச் சீட்டு அனுப்பும் ஸ்கிரிப்ட் எந்தக் கதவு வழியாகப் போகிறதோ, அதே கதவு வழியாகப் போனது.

அதன் பிறகு மைக்ரோசாப்ட் அவுட்லுக்கில் காவல் போட்டது. ஒரு நிரல் உங்கள் முகவரிகளைப் படிக்க முயல்கிறது, விடலாமா என்று கேட்கும் பெட்டி அப்படி வந்ததுதான். மேக்கும் 2018-இல் மொஹாவி பதிப்பில் இதே முடிவுக்கு வந்தது. ஒரு அப்ளிகேஷன் இன்னொன்றைக் கட்டுப்படுத்த முதல்முறை முயலும்போது பயனரைக் கேட்கிறது. மறுத்துவிட்டால் ஸ்கிரிப்டுக்கு -1743 என்ற பிழை எண்தான் கிடைக்கும்.

விபிஸ்கிரிப்டின் நிலைமை இன்னும் மோசம். இணைப்பாக வந்த கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே ஓடிவிடும் என்பதால், இருபது வருடங்களுக்கு மேலாகத் தீங்கு நிரல்களுக்கு அது வசதியான வாகனமாக இருந்துவந்தது. நல்லது செய்தவர்களுக்கு எது வசதியோ, அதுவே கெட்டது செய்தவர்களுக்கும் வசதி. எடுப்பது நியாயமான முடிவு என்றுதான் சொல்வேன்.

## எது நின்றுபோகும், எது நின்றுபோகாது

1. விபிஎஸ் கோப்புகள்: நின்றுபோகும். விபிஸ்கிரிப்டை உள்ளே வைத்திருக்கும் எச்டிஏ கோப்புகளும் (இணையப் பக்கம் போல எழுதி, தனி நிரலாக ஓடுபவை) நின்றுபோகும்.
2. எக்செல், வேர்ட் மேக்ரோக்கள்: நின்றுபோகாது. அவை விபிஏ. பெயரும் இலக்கணமும் ஒத்திருந்தாலும் விபிஏ ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் வேறு இயந்திரம். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மேக்ரோ தானே ஒரு விபிஎஸ் கோப்பை வெளியே இயக்கினால், அந்த இடம் உடையும். எழுத்து வடிவங்களைத் தேட உதவும் ரெக்எக்ஸ்ப் வசதியை விபிஸ்கிரிப்ட் நூலகத்திலிருந்து எடுத்திருந்தால் அதுவும் பாதிக்கப்படும். இந்த இரண்டாவதைச் சமாளிக்க, ரெக்எக்ஸ்ப்பை விபிஏவுக்குள்ளேயே சேர்த்து ஆபீஸின் புதிய பதிப்புகள் வருகின்றன.
3. யாரும் நினைவில் வைத்திராதவை: கணினியில் நுழையும்போது தானாக ஓடும் லாகான் ஸ்கிரிப்டுகள், டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவைத்தவை, பழைய மென்பொருள்களின் எம்எஸ்ஐ நிறுவிக்குள் இருக்கும் விபிஸ்கிரிப்ட் துண்டுகள். ஆபத்து அதிகம் இங்கேதான்.
4. காம்: அப்படியே இருக்கிறது.

மூன்றாவது வகையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். மைக்ரோசாப்டின் சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவியில் நிகழ்வு எண் 7-ஐ இயக்கிவிட்டால், விபிஸ்கிரிப்ட் நூலகத்தை எந்த நிரல் ஏற்றினாலும் பதிவாகும். அது முடியாதவர்கள் ஒரு கணினியில் மட்டும் கூடுதல் அம்சங்கள் பட்டியலிலிருந்து விபிஸ்கிரிப்டை எடுத்துவிட்டு, மாதக் கடைசி வேலைகளும் அடங்கும்படி ஒரு முழு மாதம் பார்க்கலாம்.

## மாற்றி எழுதும்போது

காம் இருப்பதால், விண்டோஸில் ஏற்கெனவே உள்ள பவர்ஷெல் அதே "எக்செல்.அப்ளிகேஷன்" என்ற பெயரை அழைத்து அதே வேலைகளைச் செய்யும். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பைவின்32 என்ற நூலகம் உண்டு. ஒர்க்புக், ரேஞ்ச் போன்ற சொற்கள் எல்லாம் மாறாமல் இருக்கும், ஏனென்றால் அவை எக்செலின் அகராதியில் உள்ளவை. மாறுவது எழுதும் முறையும், பிழை வந்தால் கையாளும் முறையும். பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று விபிஸ்கிரிப்டில் எழுதிப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுவது நல்லது. பாதிப் பேருக்குச் சீட்டு போய், மீதிப் பேருக்குப் போகாமல், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஸ்கிரிப்ட் முடிவது அந்த ஒரு வரியால்தான்.

தமிழில் மின்னஞ்சல் அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது தனியாக ஒன்று உண்டு. விண்டோஸின் பழைய ஆன்சி குறிமுறையில் தமிழுக்கு இடமே கிடையாது. அதனால் விபிஎஸ் கோப்பில் தமிழ் எழுத்து இருந்தால் அதை யுடிஎஃப்-16 ஆகச் சேமித்தாக வேண்டும். யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பிழையோ குப்பை எழுத்தோ வரும். விபிஏ எடிட்டரில் இன்னும் கஷ்டம். தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் தெரியும். 'த' என்ற எழுத்துக்கு 2980 என்று எண் கொடுத்து எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டியிருக்கிறது, அல்லது தமிழ் வாசகங்களை ஒரு ஷீட்டில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

பவர்ஷெல்லுக்கு வந்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு, கோப்பின் தலையில் குறிமுறையைக் காட்டும் பிஓஎம் குறி இல்லாவிட்டால் அதை ஆன்சி என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே "பிஓஎம் உடன் யுடிஎஃப்-8" என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். பவர்ஷெல் 7-இலும் பைத்தான் 3-இலும் இந்தத் தொல்லை இல்லை.

## அகராதி இல்லாத அவுட்லுக்

இதுவரை சொன்னது மொழி மாற்றம். உழைத்தால் முடித்துவிடலாம். புதிய அவுட்லுக் கதை வேறு.

2024 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸுக்கான புதிய அவுட்லுக், இணைய அவுட்லுக்கின் அடிப்படையில் கட்டப்பட்டது. அதற்குக் காம் ஆப்ஜெக்ட் மாடல் கிடையாது. காம் ஆட்-இன்களும் விபிஏ மேக்ரோக்களும் அதில் ஓடாது. மேலே சொன்ன மூன்றில் நடுவில் இருப்பது, அதாவது அகராதி, அங்கே இல்லை. வழி இருந்தும், எந்த மொழியில் எழுதினாலும், கேட்டுப் பதில் சொல்ல எதிரே ஆள் கிடையாது. பைத்தானில் அழகாக மாற்றி எழுதிய ஸ்கிரிப்டும் புதிய அவுட்லுக்கை இயக்க முடியாது.

கிளாசிக் அவுட்லுக் எனப்படும் பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தருவதாக மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. அதுவரை பழைய ஸ்கிரிப்டுகளைப் பவர்ஷெல்லில் ஓட்டலாம். புதிதாக எழுதுபவர்கள் அதை நம்பி எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்று வழி மைக்ரோசாப்ட் கிராஃப். இங்கே ஸ்கிரிப்ட் பேசுவது டெஸ்க்டாப்பில் இருக்கும் அப்ளிகேஷனோடு அல்ல, இணையத்தில் இருக்கும் அஞ்சல் சேவையோடு நேரடியாக. செல் தட்டச்சில் மாட்டுவது, மறைந்த பெட்டி, அட்மின் உரிமை போன்ற பழைய தொல்லைகள் மெயில் அனுப்பும் பகுதியில் இல்லாமல் போகும். பதிலாக, நிறுவனத்தின் கணக்கில் ஒரு செயலியைப் பதிவு செய்து, மெயில் அனுப்பும் அனுமதியை வாங்க வேண்டும். இந்த அனுமதி இரண்டு வகை. ஒருவர் உள்நுழைந்து தன் பெயரில் அனுப்புவதற்கானது ஒன்று. ஆள் இல்லாமல் செயலி தானே அனுப்புவதற்கானது மற்றொன்று. இரண்டாவது வகையைக் கட்டுப்பாடு வைக்காமல் கொடுத்தால், நிறுவனத்தின் எந்த அஞ்சல் பெட்டியின் பெயரிலும் அந்தச் செயலியால் மெயில் அனுப்ப முடியும். சம்பளச் சீட்டு அனுப்ப ஒரே ஒரு பெட்டி போதும். அந்த ஒன்றுக்கு மட்டும் என்று எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாப்ட் அஞ்சல் சேவையின் நிர்வாகத்தில் வரம்பு கட்டிய பிறகே ஸ்கிரிப்டை ஓட விட வேண்டும்.